கைப்பிடிக்காகக் குட்டையாக்கிய பிட்டு

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் நாலு குடித்தனமாகத் தடுத்த ஒரு பழைய வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, கக்கூஸில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. பக்கத்துக் குடித்தனப் பெண்களைக் கூப்பிட அவள் சம்மதிக்கவில்லை. மதியம் நான் பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்து தூக்கிவிட்டுப் போவேன். தூக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பிடித்து எழ ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தால் போதும். நந்தனத்தில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன ஃபிட்டர்? ஆனால் சுவர் உப்பரித்துக் கையோடு வந்தது. நம்பி மாட்டக்கூடியது தேக்கு நிலைக்கால் ஒன்றுதான். அதற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடம். சாதாரண டிரில் நுழையாது. கழுத்து மடங்கிய ரைட் ஆங்கிள் டிரில்லைப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்தேன். அது நுழைந்தது; துளை போடும் பிட்டை அதில் மாட்டினால் தொட்டியில் இடிக்கிறது. பிட்டின் தண்டும் தடிமன், அந்த டிரில்லின் சின்ன வாய்க்குள் போகாது.

தண்டை அறுத்துக் குட்டையாக்கி, சாணைக்கல்லில் மெலிதாகத் தேய்த்தால் தீர்ந்தது. எனக்குத்தான் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாதே! தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டியதை ஒரே மூச்சில் தேய்த்தேன். முனைவரை நீலம் பாரித்தது. மரத்தில் வைத்தால் தேக்கு கருகிப் புகைகிறது, துளை விழவில்லை. சூடேறி எஃகின் பதம் போய்விட்டது. சே! இதே தப்புக்குப் பட்டறையில் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

மிச்சம் ஒரே பிட்டு. இதையாவது நனைத்துத் தேய்ப்போம் என்று அம்மாவின் கட்டிலருகே இருந்த சொம்பை எடுத்தேன். காலையில் நான் நிரப்பி வைத்தது. தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

“இன்னாம்மா இது? காலைலேர்ந்து ஒரு வாய்கூட குடிக்கலயா? சாவப் போறியா?” என்று கத்தினேன்.

“கத்தாதடா. குடிச்சா உன்னிய கூப்பிடணும்.”

எத்தனை நாளாக இப்படியோ! சொம்போடு வாசலில் போய் உட்கார்ந்தேன். தண்டை அறுத்தேன், தேய்த்தேன், நனைத்தேன், மறுபடி தேய்த்தேன். விரல் பொறுக்கும் சூட்டுக்கு மேல் ஏற விடவில்லை. நடுவில் அழுதேன். சாயங்காலத்துக்குள் நாலு துளையும் விழுந்தன. போல்ட்டுகளை முறுக்கிவிட்டு, என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். கைப்பிடி அசையவில்லை.

அம்மாவைக் கதவுவரை நடத்திக் கூட்டிப்போனேன். உள்ளே போனவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். விழுந்தால் கதவை உடைக்கலாம் என்று அங்கேயே நின்றேன்.

“இன்னும் அங்கதான் கீறியா?” என்றாள் உள்ளேயிருந்து.

“ஆமாம்மா.”

“அந்தாண்ட போடா. வெக்கமா கீது.”

இத்தனை மாதமும் அவள் சொல்லாமல் வைத்திருந்தது அது. நான் தெருவில் இறங்கிப் போய் நின்றுகொண்டேன்.