பெரியப்பா ஜீப்புக்குப் புது புஷ் போட்ட கதை

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக யாரும் கையும் களவுமாகப் பிடிபடவில்லை என்றால் அதற்குக் காரணம் பெரியப்பாவின் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி அது. ஐப்பசி மழையில் டிராக்டரே திணறுகிற சேற்றில்கூட முனகிக்கொண்டே ஏறி வந்துவிடும். முனகல் என்று நான் சொல்வது மரியாதைக்காக. சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளின் இரு நுனியிலும் ரப்பர் உருளைகள் உண்டு, புஷ் என்பார்கள். அவை தேய்ந்துபோய் இரும்பும் இரும்பும் உரசியதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி கீச்சென்று அலறும். எங்கள் சாலையில் பள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்பாவும் பெரியப்பாவும் அப்போது ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். நிலமும் பிரிக்காமல் இருந்தது. எந்த நெல் விதைப்பது, எப்போது அறுப்பது என்பதிலெல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். டீசலை மிச்சம் பிடிக்க வாய்க்கால் மதகின் மேட்டிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது அவர் வழக்கம். ஆனால் கீச் சத்தம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். அவர் வருவதற்குள் பெரியம்மா டிவி சீரியலை அணைத்துவிட்டு முறத்தோடு உட்கார்ந்திருப்பார். அப்பா சிகரெட்டை எறிந்து, வாய் கொப்பளித்து, மண்வெட்டியும் கையுமாக நிற்பார். மரத்தடியில் படுத்திருந்த வேலையாட்கள் வரப்பில் குனிந்திருப்பார்கள். நான் கணக்கு நோட்டை விரித்திருப்பேன். பெரியப்பாவின் கண்ணுக்கு எங்கள் ஊர் முழுக்க உழைப்பாளிகள்.

இந்தச் சொர்க்கத்தைக் கெடுத்தவள் நான். நன்னிலத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஜீப் என்னை அழைத்துப்போக வந்தால், வகுப்பே காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கும். ஒருநாள் டீச்சரும் சேர்ந்து பொத்திக்கொண்டார். வழியெல்லாம் அழுதேன். புஷ்ஷை மாற்றச் சொல்லி மூன்று வருடமாக மெக்கானிக் கெஞ்சியும் அசையாத பெரியப்பா, வீடு வருவதற்குள் மனம் மாறிவிட்டார்.

மெக்கானிக்கை நம்பாமல் தானே மாற்றுவது என்று முடிவு செய்தார். கொல்லையில் ஜாக்கி வைத்து ஏற்றினால் ஜீப் ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வரும், கல் வராது. கடைசியில் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். இரண்டு நாள் வீட்டில் துணி துவைக்கவில்லை. துருப்பிடித்த போல்ட்டை அவர் சுத்தியலால் அடித்த அடியில் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டதாகப் பெரியம்மா சொன்னார். புது புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளும் வேலை எனக்கு. பழையதை அவர் ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். எதையும் தூக்கிப் போடுகிற மனிதர் இல்லை.

அதன் பிறகு ஜீப் பூனை மாதிரி வர ஆரம்பித்தது. முதல் நாளே அப்பா எரிகிற சிகரெட்டை வேட்டி மடிப்புக்குள் மறைத்தார். பெரியப்பா வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டார். புகை அதற்குள் வேட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மறுநாள் பெரியம்மா சீரியல் பார்த்து அழுதுகொண்டிருந்தார். பெரியப்பா, கரண்ட் இருக்கு போல என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வயலில் வேலையாட்கள் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இருமிக்கொண்டே வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். "அழுவுறதுக்கு உனக்கு வேற நேரமே கெடைக்கலையா?" என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் பள்ளி, மதியமே பெரியப்பா என்னை அழைத்து வந்தார். பெரியம்மா நாகூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஜீப் மதகில் இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டு வந்து வைக்கோல் போரின் ஓரமாக நின்றது. போருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளைக்குத்தான் அண்ணன் பின்னாடியே நிக்கிறது? எனக்குன்னு ஒரு வயல்ல என் இஷ்டத்துக்குப் பயிர் பண்ணிப் பாக்க வேண்டாமா? பாகத்தப் பிரிச்சுக் குடுங்கன்னு கேக்கலாம்னு போனா, நாக்கு எழும்ப மாட்டேங்குது."

"கேக்காதீங்க. மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு" என்றார் அம்மா.

இனி சண்டை வரும், அடுப்பு இரண்டாகும், எல்லாம் நான் அழுததால்தான் என்று நினைத்தேன். பெரியப்பா என் பக்கம் குனிந்து, "பாப்பா, வண்டி ஸ்டார்ட் ஆவல. எறங்கி மொள்ளமாத் தள்ளு" என்றார்.

அவரும் இறங்கி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் தள்ள, நான் முன்பக்கத்தில் தோளைக் கொடுக்க, உச்சி வெயிலில் அந்த ஜீப்பைப் பின்னாலேயே மதகு மேட்டின் அடி வரை தள்ளிக்கொண்டு போனோம். என் பள்ளிச் சீருடை வேர்வையில் நனைந்துவிட்டது. அங்கே சாவியைத் திருப்பியதும் ஒரே திருப்பில் வண்டி உறுமியது. ஆயிடுச்சு என்றார். பிறகு, டீசல் போனால் போகிறது என்று, இன்ஜினை உறுமவிட்டு ஹார்னைக் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினார். வாய்க்காலில் மேய்ந்த வாத்துகள் நாலாபக்கமும் பறந்தன. அப்பா முகம் கழுவி, வாசலில் நின்று, "வாங்கண்ணே" என்றார்.

நாங்கள் ஏற்கெனவே வந்துவிட்டுத்தான் போனோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெரியப்பா அதற்குள் ஒரு கடலை மிட்டாயைத் திணித்துவிட்டார். எனக்கும் நிம்மதிதான். மூன்று வருடக் கீச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை, அப்பா தப்பித்தார் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் துவைக்கிற கல் மறுபடி ஜீப்புக்கு அடியில் போயிற்று. புது புஷ் சேரவில்லை, வண்டி தூக்கிப் போடுகிறது என்று சொல்லி டப்பாவிலிருந்து பழையதையே எடுத்து மாட்டினார். போன தடவை எட்டிப் பார்க்காத அப்பா, இந்தத் தடவை ஓடி ஓடி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்.

தை அறுவடை முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா திடீரென்று சொன்னார்: "எனக்கு இனிமே எல்லாத்தையும் கட்டி மேய்க்க முடியாது. பாகத்தப் பிரிச்சுக்குவோம். தலைமடை நெலம் உனக்கு. கடைமடை எனக்கு. எங்கிட்ட ஜீப் இருக்கு, எந்தச் சேத்துலயும் போயிடும்."

தண்ணீர் முதலில் பாய்கிற நிலத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வந்தால் உண்டு என்கிற நிலத்தை அவர் எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. அப்பா பிசைந்த சோற்றோடு உட்கார்ந்து, "நான் என்னண்ணே தப்பு பண்ணுனேன்?" என்று அழுதது மட்டும்தான் தெரிந்தது. அண்ணன்காரன் தம்பியைக் கழற்றிவிட்டான் என்று ஊர் பேசியது. பெரியப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை ஜீப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. அப்போது அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டை இரண்டாக்கிய மனிதரின் வண்டியில் ஏற மாட்டேன் என்று சைக்கிளில் பள்ளிக்குப் போனேன்.

இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதமும், லாரி போகிற அந்தச் சாலையில், என் சைக்கிளுக்குப் பத்தடி பின்னால் ஜீப் கீச் கீச்சென்று நன்னிலம் வரை வந்தது. நீங்க போங்க, நான் வரல என்று திரும்பிக் கத்துவேன். ஜீப் போகாது. அவருக்குத்தான் காது கேட்காதே என்று நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக மிதிப்பேன்.