மீட்டிப் பார்க்காமல் வாங்கிய கிட்டார்

போன வாரம் மகள் ஒரு கிட்டார் வரவழைத்தாள். அட்டைப் பெட்டியைக் கீறியதும் வார்னிஷ் வாசனை கூடமெல்லாம் பரவியது. புது மரமும் பசையும் கலந்த ஒரு நெடி. நான் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். "ஏம்மா பட்டப்பகல்ல கதவ சாத்தற?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ரேடியோவுக்கான சின்னச் சின்னப் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, தேறியது தேறாதது என்று பிரிக்க வேண்டும். கண்ணுக்கு மட்டும்தான் வேலை என்பதால் மனசுக்குள் எப்போதும் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசை நாகரத்னா என் சிநேகிதி. கன்னடக்காரி, ஆனால் எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தமிழும் கொஞ்சம் வந்துவிட்டது. கம்பெனி ஆண்டு விழாவில் ஒரு பெண் கிட்டார் வாசித்ததைக் கேட்டதிலிருந்து நான் புலம்பிய புலம்பலை எல்லாம் பொறுத்துக்கொண்டவள் அவள்தான். அந்தப் பெண்ணையே மடக்கி யோசனை கேட்டோம். நிறத்தைப் பார்த்து மயங்காதே, கம்பி கட்டையை ஒட்டி இருக்கிறதா என்று பார், எட்டி நின்றால் விரல் புண்ணாகி சீக்கிரமே மூலையில் போட்டுவிடுவாய் என்றாள். விலையைப் பற்றி நான் கேட்டதற்குச் சிரித்தாள்.

காவிரித் தகராறு சூடாக இருந்த சமயம். ஒருநாள் ஊருக்குள் கலாட்டா என்று பாதி ஷிப்டிலேயே எங்களை அனுப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ் நகரத்தில் இறக்கிவிட்டதும் புத்தியுள்ளவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் கிட்டார் வாங்கப் போனோம். எனக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். என்னைத் தமிழச்சி என்று யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற திமிர்.

சயாஜி ராவ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ஆர்மோனியம், தபலாக்களுக்கு நடுவே என் சம்பளத்துக்கு எட்டுகிற கிட்டார் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று செக்கச்செவேலென்று பளபளத்தது. இன்னொன்று மங்கிய பழுப்பு, முதுகில் ஒரு கீறல் வேறு. கேட்டுவந்த யோசனையெல்லாம் மறந்து சிவப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஷட்டர்கள் விழும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, எங்களை நோக்கி வந்தது. கடைக்காரர் ஓடிப்போய்த் தன் ஷட்டரையும் இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார். இருட்டில் வார்னிஷ் வாசனை மட்டும் மிஞ்சியது. "சத்த மாடபேடம்மா" என்றார், மூச்சுக் குரலில்.

வெளியே ஓடும் கால்கள். கோஷம். எங்கோ கண்ணாடி நொறுங்கியது. யாரை வெளியே வரச்சொல்லிக் கத்துகிறார்கள் என்பது, கன்னடம் நன்றாகத் தெரிந்த பாவத்தால், எனக்கு முழுதாகப் புரிந்தது. திமிர் போன இடம் தெரியவில்லை. நாகரத்னா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டில் கிட்டாரின் கழுத்தைப் பற்றினேன். மீட்டக்கூடாது, ஆனால் அழுத்தலாம். சிவப்பின் கம்பி எட்டி நின்று விரலை அறுத்தது. கை நீட்டிப் பழுப்பை எடுத்து அழுத்தினேன். இலேசாக இறங்கிக் கட்டையில் படிந்தது. ஓர் ஒலிகூடக் கேட்காமல் நான் என் வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான்.

தெரு அடங்கியதுபோல் இருந்தபோது ஷட்டருக்கு வெளியே ஒரு குரல்.

"அம்மிணி... அம்மிணீ... எங்க கண்ணு இருக்கற?"

அப்பா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து மனுஷர், கட்டிட மேஸ்திரி. உச்சிச் சாரத்தில் நின்று கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கலாட்டா என்று கேள்விப்பட்டு, வீட்டில் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த கடையைத் தேடி சைக்கிளில் வந்திருக்கிறார். அந்தக் காலித் தெருவில் பச்சைத் தமிழில் கத்துகிறார். கடைக்காரர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அப்பாவை உள்ளே இழுத்தார். "ஏனுங்க, எம் பொண்ணு..." என்று அவர் தொடங்க, நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

அப்பாவுக்குக் கன்னடம் தெரியும். ஆனால் அவர் பேசினால் கன்னடமும் தமிழாகத்தான் கேட்கும். வீடோ தூரத்தில். நாகரத்னாதான் யோசித்தாள். கடைக்காரரிடம் பஞ்சு வாங்கி அப்பாவின் கன்னத்துக்குள் அடைத்தாள். தன் துப்பட்டாவால் தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். "அப்பா, இன்னிக்கு உங்க பல்லு புடுங்கியாச்சு. வாய தொறக்கவே கூடாது, ஆய்த்தா?"

சைக்கிளைக் கடையிலேயே விட்டோம். கிட்டாரை விட்டுவர அவள் சம்மதிக்கவில்லை. கையில் வாத்தியம் இருந்தால் சந்தேகப்பட மாட்டார்களாம். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பழுப்பைப் பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தார்.

முச்சந்தியில் சில இளைஞர்கள் மறித்தார்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின். எங்கிருந்து வருகிறீர்கள் என்றான். பல் டாக்டரிடமிருந்து என்று நாகரத்னா எரிச்சலாகவே சொன்னாள். அவன் அப்பாவின் முகத்துக்கு அருகில் குனிந்து, "நோவா?" என்றான். அப்பா தலையை ஆட்டினார். கண்ணில் நீர் தளும்பியது. அது நடிப்பில்லை.

பிறகு போர்வையைப் பிரிக்கச் சொன்னான். "பாரிசு" என்றான். வாசிக்க வேண்டுமாம். ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுத்தேன். சுருதி சேர்க்காத கிட்டாரை, சுருதி என்றால் என்னவென்றே தெரியாதவள் இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். செயின்காரன் "ஹோகி, ஹோகி" என்று கையை வீசினான். என் முதல் கச்சேரிக்குக் கிடைத்த விமர்சனம் அதுதான். போனோம். ஓடாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

வீட்டில் அப்பா பஞ்சைத் துப்பிவிட்டு வெகுநேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சந்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். நாகரத்னா குண்டலுபேட்டையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். கிட்டாரில் நான் நாலு பாட்டைத் தாண்டவே இல்லை. அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார், சாரம் ஏறினார், என் கல்யாணத்துக்குப் பந்தலும் அவரே நின்று போட்டார். ஆனால் வெளியில் என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை. சந்தைக் கூட்டத்தில் நான் முன்னால் போய்விட்டால், ஆட்களை விலக்கிக்கொண்டு வேகமாக வந்து முழங்கையைத் தொடுவார். திரும்பிப் பார்த்தால் மூச்சு வாங்க நிற்பார்.