இரண்டு பக்கமும் பதினேழு சுற்று

அண்ணனுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். வலது பக்கம் உட்காருகிறவர்தான் நெசவாளி. இடது பக்கம் இருக்கிறவன் அந்தப் பக்கத்துக் கரைக்கு, ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும். வீட்டுப் பொடிசுகள் செய்கிற வேலை அது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் அண்ணன் என்னை அந்த இடத்தைவிட்டு நகரவிடவில்லை. "உனுக்கு எண்ணிக்கை நிக்காதுடா" என்பார், என் மருமகன் காதுபடவே.

காரும் அவருடையதுதான். இருபது வருடப் பழசு. நெய்த புடவைகளை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் வரை போய்வருவார். எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனாலும் பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன ஆடியில் முசரவாக்கம் திருப்பத்தில் பால் கேனோடு சைக்கிளில் வந்த ஒரு பெண்மணியை முழம் தூரத்தில் இடிக்காமல் தப்பவிட்டார். "குறுக்க வந்து வுழறா பாரு" என்றார். அவள் குறுக்கே வரவில்லை. அவர் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை.

அண்ணி சாவியை அரிசிப் பானையில் ஒளித்துவைத்துப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு அறைதான் கிடைத்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீயாவது எதுனா பண்ணு. யாரையாவது அடிச்சுட்டு வந்து நிக்கப் போறாரு. நான் சொன்னா கேக்கிறவரா அவரு?"

"நான் சொன்னா மட்டும் கேப்பாரா அண்ணி?"

அப்படிச் சொன்னேனே தவிர, எப்படியாவது அவரை அந்த சீட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது.

கொஞ்ச நாளில் காரின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளுகிற கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் நுனியில் இருக்கும் மூட்டு இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக். அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் நின்று, "பெரியவருக்கு இனிமே காரு எதுக்கு" என்றும் சொல்லிவிட்டார். அது அண்ணன் காதுக்கு வந்தது. புது மூட்டு இரண்டை வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே தானே மாற்றுவதாகக் கிளம்பிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டார் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட வேண்டியிருந்ததால் அதற்குள் காரை நகர்த்தியாக வேண்டும்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பின்னை உருவி, நட்டை எடுத்து, சுத்தியலால் நாலு போடு போட்டார். எல்லாமே தடவித்தான். எந்த ஸ்பேனர் என்று விரலை விட்டே சொன்னார். ஆத்திரமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தக் கை அவ்வளவு நல்ல கை. தேய்ந்த மூட்டைக் கம்பியிலிருந்து சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுவது என் வேலை. கழற்றிய அதே எண்ணிக்கைக்குப் புதியதைப் பூட்டினால்தான் ஸ்டீயரிங் பழையபடி நிற்கும்.

"எத்தினிடா?"

"வலது பதினஞ்சு, இடது பத்தொம்போது."

அவர் காருக்கடியிலிருந்து சிரித்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கம் கரை பெருசு, ஒரு பக்கம் சிறுசுன்னு எவனாவது நெய்வானா? ரெண்டும் சமமாத்தான் இருக்கும். நீ எண்ணின லட்சணம் அப்பிடி. இடது பக்கத்துலயே உக்காந்து உக்காந்து மூளையும் அங்கியே நின்னுடுச்சு. ரெண்டுத்தயும் பதினேழு வையி."

நான் சரியாகத்தான் எண்ணியிருந்தேன். காரில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சேலையில் பழகிய மனுஷனுக்கு அது ஏறாது. பதினேழும் பதினேழும் வைத்தால் கூட்டுத்தொகை மாறாது, சக்கரங்களும் ஒழுங்காகத்தான் நிற்கும். ஆனால் கார் நேராக ஓடும்போது ஸ்டீயரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"சரிண்ணா" என்றேன்.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் போனோம். தென்னேரிப் பக்கம் ரோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் இடத்தில் அவர் முகம் மாறியது. ஸ்டீயரிங்கின் குறுக்குக் கம்பியைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"இது கோணிக்கினு இருக்குதாடா?"

அது நன்றாகவே கோணியிருந்தது. குருடனுக்கும் தெரிந்திருக்கும். பக்கத்திலிருந்த பாதிக் குருடருக்குக் கையிலேயே தெரிந்தது.

"இல்லியே. நேராத்தான் இருக்குதுண்ணா."

"எனுக்கு கோணலாப் படுது."

"டாக்டர் சொன்னாருல்ல, கண்ணுக்கப்புறம் கைக்கு வரும்னு."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது. அவர் என்னை நம்பி ஸ்டீயரிங்கைத் தன் கைக்கு நேராகத் திருப்பினார். கார் சாலையைவிட்டு இறங்கிப் புளியமரத்தைப் பார்த்து ஓடியது. நான் எட்டிப் பிடித்துத் திருப்பினேன். கார் நின்ற பிறகும் அவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை நான் ரசித்தேன். அவர் இறங்கிச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். சாவியை நீட்டினார்.

"நீயே ஓட்டு."

அவரோடு தறியில் உட்கார்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவர் எனக்காக இடம் விட்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு அண்ணி எனக்கு இரண்டு தோசை கூடுதலாகப் போட்டாள். அவர் படுத்த பிறகு, ஒரு பக்கம் இரண்டு சுற்று குறைத்து, மறுபக்கம் இரண்டு சுற்று கூட்டி, ஸ்டீயரிங்கை நிமிர்த்தினேன். காரை எதிர்வீட்டார் பாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன். எல்லோருக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். நாலு விரற்கடை நெய்திருப்போம். அவர் நாடாவை வைத்துவிட்டு, கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓடவிட்டார்.

"நேரா இருக்குதா?"

குனிந்து பார்த்தேன். ஒரு இழை பிசகவில்லை. கண் போன பிறகும் அவர் நெய்கிற கோர்வை என் கண்ணால் நெய்ய வராது.

"நேராத்தான் இருக்குதுண்ணா." இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

அவர் விரல் மறுபடி அந்த வரியில் போய் வந்தது.

"எனுக்கும் நேராத்தான் படுது. நேத்து நேரா இருந்தது எனுக்குக் கோணலாப் பட்டுச்சு. அப்போ இன்னிக்கி இது கோணலாத்தான் இருக்கும். நீ என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற."

அப்போதும் சொல்லியிருக்கலாம். பதினஞ்சு, பத்தொம்போது என்று இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன், என் பொய்யும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்து மூடிக்கொண்டேன். அவர் கையை ஊன்றித் தறிக்குழியிலிருந்து எழுந்தார்.

"இன்னொருத்தன் கல்யாணப் பொடவ. நான் கெடுக்கக் கூடாது. நீ இந்தப் பக்கம் வந்துடு" என்றார். அந்தக் குரலில் முதல் முறையாக மரியாதை இருந்தது.

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தறிக்கு வரவே இல்லை. நான் வலது பக்கம் நகர்ந்தேன். பலகையில் அவர் சூடு இன்னும் இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்து நெய்தேன்.