தோள் மாறிய மலை

என் சித்தப்பாவுக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன் இவன். மூத்தவள் எனக்கு ஒன்றரை மாதம் இளையவள், வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள்தான். நடுவில் பிறந்த இருவரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள், இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. கடைக்குட்டியான இவனுக்கு ஊர் வைத்த பெயர் மூட்டக்காரன். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இவன் வீட்டை விட்டு இறங்கினால் போதும், அதுவரை பளிச்சென்று இருந்த மலை மேகத்தை இழுத்து மூடிக்கொள்ளும். "மூட்டக்காரர் கிளம்பிட்டாரு, காயப்போட்ட துணியை எடுங்கடி" என்று எதிர்வீட்டு மாடியில் சத்தம் கேட்கும். அவனும் கீழே இருந்து, "போர்வையையும் சேர்த்து எடுங்க, இன்னைக்குப் பெரிய லென்ஸ் கொண்டு போறேன்" என்பான்.

பிழைப்புக்கு ஸ்டுடியோ. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மேலே. எதிரே ஆள் இறங்கி வந்தால் நாம் திரும்பக் கீழே இறங்கி வழிவிட வேண்டிய படிக்கட்டு. உள்ளே ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, பின்னால் சாம்பல் நிறத் திரை, சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள் அவன் பெண்டாட்டி. கட்டுவதற்கு முன் ஏழு சீப்பு காணாமல் போயிருந்தது. பாஸ்போர்ட் படங்களை அளவாக வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். அவளுக்குக் கைச் சுறுசுறுப்பு அதிகம், பேச்சு குறைவு.

இவனுக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. முகத்தில் கை வைக்க மாட்டான். தழும்பை எடு, காதைச் சின்னதாக்கு என்று யார் கேட்டாலும் நடக்காது. "நீங்க எப்படி வந்தீங்களோ அப்படித்தான் படமும் வரும். வேற முகம் வேணும்னா வேற கடை பாருங்க" என்பான். ஒருமுறை ஒரு ஆள் பதறிக்கொண்டு வந்தான். வேறு எங்கோ எடுத்த பாஸ்போர்ட் படம், ஃபிலிமைப் புரட்டிப் போட்டு அச்சிட்டதில் வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போய்விட்டது. ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கப்பல் வேலை கை நழுவிப் போனது. இவன் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கத்தினான்.

"புரட்டிப் போட்டதுகூடத் தப்பில்லைங்க. யாருக்கும் கை தவறும். கண்ணால பார்த்தப்புறமும் உறையில போட்டுக் கொடுத்தான் பாருங்க, அவனை என்ன செய்யறது?"

நான் அன்றைக்கு அங்கே என் படத்துக்காக உட்கார்ந்திருந்தேன். பின்னால் நடந்ததற்கு இது வேண்டியிருக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே நிற்கிறது. அதைப் பார்த்து நின்றால் நமக்கு வலது கை கிழக்கு, இடது கை மேற்கு. நடுவில் உயரமான பனித்தலை. அதற்கு இடது பக்கம், கொஞ்சம் தாழ்வாக ஒரு மேடு. எங்களுக்கு அது தோள். மலை ஏதோ சுமையை ஒரு தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். இந்த ஊரில் பிறந்தவர்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் தோள் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்.

சூரியன் இறங்கும்போது ஊரில் வெளிச்சம் போன பிறகும் மலைக்கு மட்டும் ஒரு கால்மணி நேரம் மிச்சம் இருக்கும். சுண்ணாம்பாக இருந்த பனி மஞ்சளாகி, பிறகு உருக்கிய பொன்னாகி, பிறகு செம்பாகி, ஊதித் தள்ளிய மாதிரி சாம்பலாகிவிடும். மூட்டம் இல்லாத காலையில் இதே வித்தை தலைகீழாக நடக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பொன் வெளிச்சத்தின் மேல்தான் இவனுக்குப் பைத்தியம். ஸ்டுடியோவை அவளிடம் விட்டுவிட்டு நகராட்சித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிவிடுவான். காமிரா முக்காலியின் கால்களைச் செங்கல்லால் முட்டுக்கொடுப்பான், காற்றுக்கு ஆடும் என்று. சாயங்காலத்தில் பத்து நாள் ஏறினால் ஒரு நாள் மேகம் விலகும்.

அப்படி ஒரு ஒற்றை நாளில், சாயங்காலம், ஒரு படம் விழுந்தது. தலையும் தோளும் இடது பக்கத்து வெளிச்சத்தில் முழுக்கப் பொன். நானே அதை மறுபடி மறுபடி வாங்கிப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊரில் லாட்ஜ் கட்டினார். கட்டட வேலையில் பழுத்த ஆள். "சூரிய உதயத்தை உங்கள் அறையிலிருந்தே பாருங்கள்" என்று அட்டை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார். காலையில் மூட்டம் போடும் ஊர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வரவேற்பறைச் சுவருக்கு உதயத்தில் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று இவனைப் பிடித்தார். இவன் முப்பத்தெட்டுக் காலை தொட்டி ஏறி இறங்கினான். வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகம். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. பெரிய அளவில் அச்சிட்டால் எப்படி இருக்கும் என்று காட்டலாமே என்று அந்தச் சாயங்கால ஃபிலிமைத் தூரத்துப் பட்டணத்து லேபுக்கு அனுப்பினான். உதயம் கிடைக்கவில்லை, வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எண்ணம்.

பார்சல் வந்த அன்று லாட்ஜ்காரர் கடையிலேயே நின்றிருந்தார். உறையைப் பிரித்தார்கள். லேபில் ஃபிலிமைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து அடித்தது. தோளும் வலது பக்கம் போயிருந்தது.

கட்டடம் கட்டுகிறவனுக்குத் திசை தெரியும், ஆனால் இவருக்கு எங்கள் மலை தெரியாது. "அடடா! கிழக்கு வெளிச்சம்! இதுதான்யா நான் கேட்ட காலை! முடியாது முடியாதுன்னு சொல்லிட்டு இப்படி ஒண்ணை ஒளிச்சு வெச்சிருந்தியா?" என்று இவனைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

இவன் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் பெண்டாட்டி வெட்டிக்கொண்டிருந்த படத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. திறப்பு விழாவுக்குப் படம் சுவரில் ஏறியது. கீழே பித்தளைத் தகட்டில் "சூரிய உதயம்" என்றும் இவன் ஸ்டுடியோ பெயரும்.

பெரியவள் அந்த லாட்ஜில்தான் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்தாள். புருஷன் போன பிறகு சேர்ந்த வேலை. முதல் வாரமே தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏண்டா, மலைக்குத் தோள் எந்தப் பக்கம்?"

"சும்மா இரு அக்கா."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நான் வேலைக்குப் போன நேரத்துல திரும்பிப் படுத்துக்கிச்சா?"

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஒன்பது வருடம் அந்தப் படத்தின் தூசியைத் தட்டினாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. தங்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலை மூட்டத்தில் அவர்கள் மலையைப் பார்த்ததைவிடப் படத்தைப் பார்த்ததுதான் அதிகம். ஊர்க்காரர்களுக்கு லாட்ஜுக்குள் என்ன வேலை? வெளியூர்க் கல்யாணக் கூட்டம், கம்பெனிக் கூட்டம் என்று லாட்ஜில் எது நடந்தாலும் படமெடுக்க இவனைக் கூப்பிட்டார்கள். இவன் வரவேற்பறையைக் கடக்கும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு போவான் என்று எல்லாம் வெளிவந்த பிறகு பெரியவள் சொன்னாள். தொட்டி ஏறுவதையும் அவன் விடவில்லை, ஆனால் இப்போது காலையில் மட்டும் ஏறினான். உண்மையான உதயம் ஒன்று கிடைத்தால் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்பது கணக்கு. ஒன்பது வருடத்தில் அது கிடைக்கவில்லை.

பிறகு பஸ் நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். நகராட்சித் தலைவர் ஏதோ அடையாள அட்டைக்காகப் படமெடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"புது பஸ் ஸ்டாண்டுல நடுச் சுவரு சும்மா கிடக்கு. லாட்ஜ்ல இருக்கே உன் உதயம், அதைப் பன்னண்டு அடிக்குப் பெருசு பண்ணி மாட்டிடலாம்னு இருக்கோம். சட்டம் போட்டுத் தர்றது லாட்ஜ்காரர்."

"எந்தச் சுவருங்க?"

"மலையைப் பார்த்த சுவருதான். இந்தப் பக்கம் திரும்பினா படம், அந்தப் பக்கம் திரும்பினா மலை. எப்படி என் யோசனை?"

"ஆடாதீங்க" என்றான் இவன். சொல்லிவிட்டு, இரண்டு விளக்கில் ஒன்றைப் போடாமலே பொத்தானை அமுக்கிவிட்டான். அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

ஊர் முழுக்க பஸ் ஏறுகிற இடம். பொய் ஒரு நாள்கூடத் தாங்காது. மச்சம் இடம் மாறியதற்கு அரைமணி நேரம் கத்தியவன் மலையையே இடம் மாற்றி ஒன்பது வருடம் பெயர் வாங்கியிருக்கிறான் என்று ஊரே சொல்லும். அதற்குப் பிறகு யார் அந்தப் படி ஏறி முகத்தைக் கொடுப்பார்கள்? அவனிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். படத்தை அச்சுக்கு அனுப்ப இருபத்தைந்து நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் ஒரு நிஜமான உதயம் வேண்டும்.

அந்த நாட்களில் அவன் இருந்த இருப்பை அவன் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். காமிராவைப் பழைய சால்வையில் சுற்றி வெளிப்படியிலேயே வைத்துவிடுவானாம், வீட்டுச் சூட்டிலிருந்து எடுத்துப்போனால் குளிரில் லென்ஸில் ஆவி படிந்துவிடும் என்று. விடிவதற்கு முன் தொட்டி மேல் இருப்பான். வெயில் ஏறியதும் இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் கடை திறப்பான். அவளும் கேட்க மாட்டாள். மேகம் கலைந்திருந்தால் அவளுக்கே ஜன்னலில் தெரியுமே.

இருபது காலை இப்படிப் போனது. இருபத்தோராம் காலை வேலைக்குப் போகிற வழியில் பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. கையில் துடைப்பத்தோடு தொட்டி ஏணியில் ஏறிவிட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

மலையின் உச்சியில் முதலில் ஒரு நகக்கண் அளவு சிவந்தது. பிறகு வலது கன்னம் செம்பாகி, பொன்னாகி, வெளிச்சம் கீழே வழிந்தது. இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினோரு படம் எடுத்தான். பன்னிரண்டாவதுக்குள் பனி வெளுத்துவிட்டது.

"கிடைச்சிடுச்சா?" என்றாள்.

"கிடைச்சிடுச்சு."

"அப்ப ஏன் இப்படி நிக்கறே?"

அவளே மலையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். "தோள் கறுத்துக் கிடக்கேடா."

"தலை நடுவுல மறைக்குதுக்கா. காலையில தோளுக்கு வெளிச்சம் வராது. எப்பவுமே வராது. சுவத்துல இருக்கற மாதிரி ஒரு காலை இந்த மலைக்குக் கிடையவே கிடையாது."

இத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் இருவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெளிந்த உதயத்தை அவர்கள் அதற்கு முன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அச்சாகி வந்த படத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். லாட்ஜ்காரரும் அங்கே இருந்தார். இவன் படத்தை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் மைப்பெட்டி, காகித எடை என்று கிடைத்ததை வைத்தான். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னப்பா, பாதி மலை இருட்டுல கிடக்கு. அது எங்கே, இது எங்கே? பழசையே பெருசு பண்ணிடு."

"அதானே?" என்றார் லாட்ஜ்காரர். "நல்லா இருக்கறதை விட்டுட்டு எதுக்குய்யா இதை எடுத்துட்டு வந்தே?"

இவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அது உதயம் இல்லைங்க. சாயங்காலம். லேபுல புரண்டு போச்சு. பார்சல் பிரிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்."

தலைவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மலையைப் பார்த்து இடது கையைத் தூக்கினார், இறக்கினார், வலது கையைத் தூக்கினார். பிறகு, "அட, ஆமா!" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் ஒன்பது வருஷமா அந்த லாட்ஜ்ல டீ குடிக்கறேன்!"

லாட்ஜ்காரர் சிரிக்கவில்லை. "என் சுவத்துல பொய்யை மாட்டினியா?"

"காலைன்னு சொன்னது நீங்கதானுங்க."

"சொன்னேன். நான் வெளியூர்க்காரன், சொன்னேன். இந்த மலையைப் பார்த்துப் பிறந்தவன் நீ. நீ ஏன் வாயைத் திறக்கலை?"

இவன் மூலைகளில் வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டினான்.

பஸ் நிலையத்தில் அந்தச் சாயங்காலப் படமே ஏறியது, தோள் இடது பக்கம் இருக்கும்படி. சட்டம் நகராட்சியே போட்டது. கீழே "மாலை" என்று எழுத வேண்டும் என்று இவன் கூடவே நின்று எழுத வைத்தான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒருமுறை படத்தைப் பார்ப்பார்கள், திரும்பி மலையைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். விஷயம் ஊரில் பரவி ஒரு மாதம் பேசினார்கள். "என் மூக்கு நேராத்தானே இருக்கு, மூட்டக்காரரே? அந்தப் பக்கம் போயிடலையே?" என்று ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. கேட்டாலும் படி ஏறித்தான் கேட்டார்கள். லாட்ஜ் வேலை மட்டும் அன்றோடு நின்றது, திரும்ப வரவேயில்லை. லாட்ஜ்காரர் சுவரில் இருந்த படத்தை இறக்கி வைத்தார். தங்க வந்தவர்கள் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் மறுபடி மாட்டிவிட்டார், தகட்டில் ஸ்டுடியோ பெயரை மட்டும் சுரண்டிவிட்டு. "சூரிய உதயம்" அப்படியே இருந்தது. பெரியவள் வேலையை விடும் வரை அதன் தூசியைத் தட்டினாள்.

பாதி இருட்டான அந்த நிஜ உதயத்தை யாரும் வாங்கவில்லை. அவன் பெண்டாட்டி அதற்குச் சட்டம் போட்டு, ஸ்டூலுக்கு எதிர்ச்சுவரில், உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக மாட்டினாள். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது காமிராவையும் அவளே பிடிக்கிறாள். போன மாதம் வங்கிக்குப் படம் வேண்டும் என்று நான் போயிருந்தேன். நூலில் கட்டிய சீப்பால் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எங்கே பார்க்கணும்?" என்றேன்.

"எதிர்ல மலை தெரியுதா? அதுல இடது பக்கம், கறுப்பா ஒரு தோள். அதைப் பாருங்க. ஆடாதீங்க."