லாலலாவுக்கு மட்டும் அனுமதி

என்னை மேடையேற விடும்போது அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். வார்த்தை வரக் கூடாது.

"லாலலா, ம்ம்ம், ஆஆஆ, என்னமோ பண்ணிக்க. ஆனா ஊரான் வீட்டுப் பையன் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ணே, அன்பேன்னு எம்பொண்ணு வாயில ஒரு வார்த்தை வந்துச்சு, அன்னியோட சரி. பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

மலேசியாவில், செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா மண்டோர். விடியுமுன் நூறு பேரை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்புகிற வாய் அது. சொன்னால் சொன்னதுதான். எழுபதுகளின் கடைசி, எனக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்து இசைக்குழு. சினிமாப் பாட்டில் கதாநாயகி வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் மிதந்து வருமே, கல்யாண மேடைகளில் அந்தக் குரல் நான்தான்.

"லாலாதானே, இதுக்கு ஒரு ஆளு வேணுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களைப் பாட வைத்துப் பார்க்க வேண்டும், அப்போது தெரியும் சேதி. லாலலா என்பது வெளிச்சத்துக்கு. தோட்டம், மழை, சைக்கிள், இப்படி. சோகம் என்றால் உதட்டைத் திறக்கவே கூடாது, ம்ம்ம் மட்டும்தான். கிளப் டான்ஸ் பாட்டுக்கு பப்பபா, அதையும் கொஞ்சம் மூக்கால் பாட வேண்டும். இதை இடம் மாற்றிப் போட்டால் சாவு வீட்டில் நாதஸ்வரம் வாசித்த கதைதான். அர்த்தமில்லாத எழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். கறிக்குத் தாளிப்பும் வயிற்றை நிரப்பாது. தாளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வித்தை எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா காலையில் ரப்பர் பால்மரம் சீவப் போவாள், மதியம் வந்து சமைப்பாள். சமைக்கும்போது எந்நேரமும் வாய்க்குள் ஒரு ம்ம்ம் ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி ஒரு இழை தப்பாது. ஆனால் ஒரு வரியும் பாட மாட்டாள். பள்ளிக்கூடம் போகாதவள், பாட்டு வரிகள் மனதில் நிற்காது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டி, மதியம் தோட்டத்து மண்டபத்தில் விருந்தும் எங்கள் பாட்டும். எங்கள் குழுவின் பாடகி ஈப்போ டவுன்காரி, எனக்கு அக்கா முறை மாதிரி. பட்டுப்புடவையும் கொண்டை நிறையப் பூவுமாக வந்து இறங்கிய அக்கா வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முந்தின நாள் வெயிலில் இரண்டு கிண்ணம் ஐஸ் காச்சாங் சாப்பிட்டாராம்.

கல்யாணப் பெண் ஒரே ஒரு பாட்டுத்தான் கேட்டிருந்தாள். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற காதல் பாட்டு. ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன், குழுவுக்குத் தலைவர், என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, மானத்தக் காப்பாத்து லா. உனக்கு எல்லா வரியும் தெரியும்தானே?"

"தெரியும்ணே. எங்கப்பா மூணாவது வரிசையில இருக்காரு, அதுவும் உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஒரே ஒரு பாட்டும்மா."

"ஒரு வார்த்தை வந்தாலே போச்சுண்ணே. அப்புறம் உங்களுக்கு லாலாவுக்கும் ஆளு இருக்காது."

கல்யாணப் பெண் மாலையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பாடாவிட்டால் அவள் முகம் வாடும், பாடினால் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகும். கடைசியில், ஆனது ஆகட்டும் என்று மைக்கைப் பிடித்தேன். "வாசிங்கண்ணே."

ஆண் வரியைப் பாடகன் பாடி முடித்தான். என் முறை வந்தது. முழு வரியையும், வளைவு நெளிவு ஒன்று விடாமல், லாலலா என்றே பாடினேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. "என்னா இது, பொண்ணுக்குப் பாட்டு மறந்துபோச்சா லா?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த லாலலா இன்னும் உரக்க வந்தது. தலைபோனாலும் நிறுத்துவதாக இல்லை.

சரணத்தில்தான் அது நடந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ என் லாலலாவுக்குள் அதன் வரியை வைத்துப் பாடினார்கள். அடுத்த வரிக்கு நாலைந்து பேர். அப்புறம் வரிசை வரிசையாக, காலையில் பால்வாளி தூக்குகிற அத்தனை பெண்களும். நான் ராகத்தைக் கொடுக்கக் கொடுக்க, கண்ணே என்பதும் அன்பே என்பதும் கீழேயிருந்து வந்தன. அதில் ஒரு குரல் சுருதி தப்பாமல் தனியாகக் கேட்டது. எங்கோ கேட்ட குரல் என்று தேடினேன். முதல் வரிசையில் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு லாலலா தவறிவிட்டது.

அப்பாவும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த சிராப் தண்ணியைக் குடிக்கவே இல்லை.

வீட்டுக்கு அவர்தான் முன்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முந்திக்கொண்டேன்.

"அப்பா, சத்தியமா ஒரு வார்த்தை நான் சொல்லல."

"நீ சொல்லல. தோட்டமே சொல்லுச்சு." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இந்தாம்மா, உனக்கு எப்படி முழுப் பாட்டும் தெரியும்?"

"தினமும் ரேடியோவுல போடுறான். தெரியாம என்ன?"

"பின்ன ஏன் வீட்டுல வெறும் ம்ம்முன்னே பாடுற?"

அம்மா கொண்டைப் பூவை எடுத்துக்கொண்டே சொன்னாள். கோபமே இல்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நீங்கதான சொன்னீங்க. கல்யாணமாயி வந்த மூணாம் நாளு, அடுப்படியில பாடுனேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், வார்த்தை வராமப் பாடுன்னீங்க."

"நானா?"

"நீங்கதான்."

அப்பாவுக்கு அது நினைவே இல்லை. அம்மா இருபது வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று அவர் யாரையும் அதட்டவில்லை.

அடுத்த ஞாயிறு காலை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பில் மீனைப் புரட்டியபடி ம்ம்ம் என்று ஆரம்பித்தாள். முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் குரல் வந்தது, பெரிய சங்கடத்தோடு.

"வார்த்தை போட்டே பாடேன் லா. நீயும் பொண்ணும், ரெண்டு பேருந்தான்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த மீனையும் புரட்டிப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு மண்டபத்தில் பாடிய அதே பாட்டை முதல் வரியிலிருந்து எடுத்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

நான் அவளுக்கு லாலலா போட்டேன்.