நாற்பத்தொரு பேர்

அந்த மருத்துவக் கல்லூரி நூலகருக்கு வேலை இரண்டு. டாக்டர்கள் கேட்கும் ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தேடித் தருவது ஒன்று. கல்லூரிக்காரர்கள் எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணி, கையெழுத்துப் போட்டுத் தரவரிசைக் குழுவுக்கு அனுப்புவது இன்னொன்று. இருபத்தாறு ஆண்டுகளாக இரண்டையும் அந்த அம்மாள்தான் செய்துவந்தார். தேடும்போது ஒரு வரி விடாமல் படிப்பார். எண்ணும்போது படிக்க மாட்டார். படிவம் தலைப்பைத்தான் கேட்கிறது, தலைப்பைத்தான் எண்ணுவார். இந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

எந்தக் கட்டுரையையும் அவர் வாலிலிருந்துதான் படிப்பார். முதலில் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பது, பிறகு அட்டவணை, கடைசியில்தான் தலைப்பு. "தலைப்பு கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி. அதுல ஒரு குறையும் இருக்காது" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லிஃப்ட் ஆபரேட்டர் ஒரு துண்டுச் சீட்டோடு நூலகத்துக்கு வந்தார்.

"அக்கா, இந்த மருந்து நல்லதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"யாருக்கு தம்பி?"

"வீட்லதான். கை மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்கே. பழைய மாத்திரை கேக்குது, ஆனா ஆமை வேகம். வெள்ளிக்கிழமையிலேருந்து இதுக்கு மாத்தலாம்னு வார்டு டாக்டரம்மா சொல்றாங்க. போன்ல தேடினேன். ஒருத்தன் அமிர்தம்ங்கிறான். ஒருத்தன் விஷம்ங்கிறான். மூணாவது ஆள் வெந்நீர் குடிச்சாலே போதும்ங்கிறான்."

"அந்த மூணாவது ஆள் என்ன விக்கிறான்னு பாத்தீங்களா?"

அவர் போனை எடுத்து மறுபடி பார்த்தார். "ஃபிளாஸ்க், அக்கா."

நூலகர் மருந்தின் பெயரைத் தட்டினார். முதலில் வந்து நின்றது அவர்கள் கல்லூரியின் இணையப் பக்கமேதான். 'எங்கள் ஏழு ஆய்வுகளும் சொல்வது ஒன்றே: இந்த மருந்து பயன் தருகிறது.' போன ஆண்டு எண்ணி முடித்த கையோடு அந்தப் பட்டியலை ஏற்றியவர் அவர்தான். வார்டு டாக்டர் பார்த்ததும் இதைத்தான் என்பது சொல்லாமலே விளங்கியது.

ஏழையும் எடுத்து வாலிலிருந்து படித்தார். ஒன்று வலியைப் பற்றி, ஒன்று வீக்கத்தைப் பற்றி, ஒன்று தூக்கத்தைப் பற்றி. இன்னொன்று மாடிப்படி ஏறுவதைப் பற்றி. ஆனால் ஏழிலும் பெண்கள் இருபத்தொன்பது, ஆண்கள் பன்னிரண்டு, சராசரி வயது ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு. ஏழு ஆய்வு இல்லை. ஒரே நாற்பத்தொரு நோயாளிகளை ஏழு துண்டாக வெட்டி ஏழு இதழுக்கு விற்றிருக்கிறார்கள். ஆறாவது கட்டுரையில், அட்டவணைக்கு அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒரு வரி: ஈரல் பாதிப்பால் ஆறு பேருக்கு மருந்து பாதியில் நிறுத்தப்பட்டது. மற்ற ஆறு கட்டுரைகளில் அந்த ஆறு பேர் பிறக்கவே இல்லை.

ஏழிலும் முதல் பெயர் கல்லூரி முதல்வருடையது.

பொய் சொல்லத் துணிவு வேண்டும் என்பார்கள். தேவையில்லை. ஓர் உண்மையை ஏழு இடத்தில் வைத்து, அதன் வேண்டாத பகுதியை ஆறு இடத்தில் மறைத்தால் போதும். மீதியை எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தது நூலகரின் கையெழுத்து.

அன்றைக்கே வார்டுக்குப் போனார். இளம் டாக்டர் ஏழு அட்டவணைகளையும் மேசையில் பரப்பி, விரல் வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஏழு ஆய்வுன்னு நம்பினேனே மேடம்."

"நானே நம்பித்தான் ஏழுன்னு போட்டேன். நீங்க எப்படி நம்பாம இருப்பீங்க?"

"லிஃப்ட்காரர் மனைவிக்கு ஏற்கெனவே ஈரல் கொஞ்சம் மோசம்" என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமைச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதினார்.

நூலகர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மாதமே இந்த ஆண்டின் கணக்கெடுப்பு வந்தது. ஏழில் நான்கு போன ஆண்டு வெளிவந்தவை, மூன்று அதற்கு முந்தைய ஆண்டு. கடைசி மூன்று ஆண்டுகளையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் படிவம் என்பதால் ஏழும் மறுபடி உள்ளே வரும்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"ஒரே பயணிக்கு ஏழு டிக்கெட் கிழிச்சு, பஸ் நிறைஞ்சுபோச்சுன்னு காட்டியிருக்கான்" என்றார் அவர்.

"அந்த பஸ்ல செக்கர் நான்தானே? தூங்கிட்டேன்."

"இப்ப முழிச்சாச்சு இல்ல? இறக்கி விடு."

மறுநாள் படிவத்தில் அந்த ஏழுக்கு எதிரே ஒன்று என்று எழுதினார். இணையப் பக்கத்தையும் திருத்தினார்: ஓர் ஆய்வு, நாற்பத்தொரு பேர், ஆறு பேருக்குப் பாதியில் நிறுத்தம். முதல்வர் ஆள் அனுப்பி அவரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஏழு இதழ்ல வந்திருக்கும்மா. வந்ததை எண்ணுறதுதானே உங்க வேலை? எல்லாக் கல்லூரியிலயும் நடக்கிறதுதான்."

"போன வருஷம் அப்படித்தான் சார் எண்ணினேன். அதைப் பாத்து ஒரு பொம்பளைக்கு மாத்திரையை மாத்தப் போனாங்க."

"மருந்து உங்க சப்ஜெக்ட் இல்லை."

"இல்லை சார். எண்ணிக்கைதான் என் சப்ஜெக்ட். நாப்பத்தொண்ணை எத்தனை இடத்துல எழுதினாலும் நாப்பத்தொண்ணுதான்."

"பழையபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"கையெழுத்து போட்டாச்சு சார். ஒண்ணுக்குக் கீழே."

நான்காம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது: அடித்தளத்திலுள்ள மருத்துவப் பதிவேட்டு அறை. நூலகத்துக்கு வந்த புதியவர் ஏழு என்று எழுதிக் கையெழுத்திட்டார். இணையப் பக்கம் பழையபடி ஆனது. கல்லூரி தரவரிசையில் இரண்டு இடம் முன்னேறியதாக வாசலில் பதாகை கட்டினார்கள். வார்டு டாக்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மட்டும் திருத்திய பக்கத்தின் அச்சுப்படி இருந்தது.

நூலகரை அடித்தளத்துக்கு இறக்கியவர் லிஃப்ட் ஆபரேட்டர்தான்.

"என்னாலதானேக்கா உங்களைக் கீழ தள்ளிட்டாங்க."

"வீட்ல எப்படி இருக்கு?"

"பழைய மாத்திரைதான். நேத்து என் சட்டைக்கு அவளே பொத்தான் தைச்சா."

"அப்ப சரி. ஆனா தம்பி, என்னை எங்க வைக்கக் கூடாதோ அங்க கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

பதிவேட்டு அறையில் ஈரவாடையும் ஒரு குழல் விளக்கும், கூரை வரை அலமாரிகளும் இருந்தன. கோப்புகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அங்கே பொறுப்பிலிருப்பவரின் கடமை என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. கடமையைச் செய்தார். மூன்றாம் வரிசையில், மூட்டு நோய்ப் பிரிவில், அந்த நாற்பத்தொரு கோப்புகளும் தூசியோடு இருந்தன. ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். பன்னிரண்டு நாளாயிற்று. ஈரல் பாதிப்பால் மருந்து நிறுத்தப்பட்டவர்கள் ஆறு பேர் அல்ல, பதினொரு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நோயாளிகள் பெயர் ஒன்றுகூட இல்லை. எண்கள் மட்டும். கீழே தன் பெயர், வேலை, போன ஆண்டு தான் தவறாக எண்ணிய செய்தி. கணவர் எட்டிப் பார்த்தார். உறைகள் வரிசையாகக் கிடந்தன, அந்தக் கட்டுரைகளை வெளியிட்ட இதழ்களுக்கு ஆளுக்கொன்றாக.

"ஒரே விஷயத்துக்கு எதுக்கு ஏழு கடுதாசி?"

"ஏழு டிக்கெட் கிழிச்சாங்க இல்ல?" என்று கடைசி உறையை ஒட்டினார். "ஏழையும் கேன்சல் பண்ணணும்."