சுவருக்குள்ளிருந்து வந்த 'உள்ளேன்'

முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். கடைசி நான்கு வருடம் நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சேலம் அம்மாபேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் அனுபவம் கேட்டால், அங்கே நடந்த இதைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள்

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் கிளாஸ் டீச்சர். மூன்று மாதம் காலியாக இருந்த இடம். அதுவரை யார் யாரோ வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்போனில் அட்டெண்டன்ஸ் ஆப்பைத் திறந்து, குனிந்தபடியே பெயர்களை வாசித்தேன்.

"கோகிலா."

"உள்ளேன் டீச்சர்."

குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெல்லிய குரல். பதிந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

பிறகு செய்யுள். நான் ஓர் அடி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் முடித்து வாய் மூடிய பிறகு, ஒரே ஒரு குரல் மட்டும் அதே அடியைத் தனியாகச் சொல்லி முடித்தது.

"யாரது, தனியா இழுக்கறது?"

நிமிர்ந்து பார்த்தேன். மற்ற பெஞ்சுகளில் ஐந்து பேர், ஆறு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, சுவரோரக் கடைசி பெஞ்ச் மட்டும் காலியாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு கொத்து வேப்பிலை. அன்று காலையில் பறித்ததுபோல் பச்சையாக இருந்தது.

இருபத்தேழு தலைகள்

மூன்றாம் நாள் தலைகளை எண்ணினேன். ஆப்பில் இருபத்தெட்டு, அறையில் இருபத்தேழு. மறுபடி எண்ணினாலும் அதேதான். இந்த முறை எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன்.

"கோகிலா."

ஒரு வாயும் அசையவில்லை. "உள்ளேன் டீச்சர்" என்று சுவர் சொன்னது.

பகல் பத்து மணி. வெளியே நல்ல வெயில். முன் பெஞ்சிலிருந்த லீடர் சுகன்யா காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அது கோகிலா இல்லீங்க டீச்சர். அவளுக்குள்ள இருக்கறது பேசுதுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் பழைய சயின்ஸ் லேப். ஹெச்.எம்.மிடம் சாவி கேட்டேன்.

"அது பூட்டிக் கெடக்குதுங்க டீச்சர். சாவி எங்க இருக்குதுன்னே தெரியலீங்க. வௌவால் அடையுது, அந்தச் சத்தமா இருக்கும்."

வௌவால் செய்யுள் சொல்லாது. நானே கட்டிடத்தின் பின்பக்கம் போனேன். சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில் ஆள் நுழைந்து நுழைந்து ஒரு தடம் விழுந்திருந்தது. அது முடிந்த இடத்தில் இரண்டு கம்பி பெயர்ந்துபோன ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தேன். முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் பாம்பு, ஒன்றில் தவளை, வெளுத்துப்போய் மிதந்தன. அவற்றுக்கு நடுவே மேசைமேல், யூனிஃபார்மில், ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டி, மடியில் தமிழ்ப் புத்தகத்தோடு ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி நின்று கைகூப்பினாள்.

"வணக்கம் டீச்சர்."

அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

"இங்க என்ன சாமி பண்ற?"

"கிளாஸ்லதானுங்க இருக்கேன் டீச்சர்."

விட்டு விட்டுத்தான் சொன்னாள். ஜூன் மாதம் ப்ரேயரில் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து வகுப்பிலும் வந்திருக்கிறது. வாயில் நுரை தள்ளியதையும், கண் செருகியதையும், யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்ததையும் பிள்ளைகள் பார்த்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேப்பிலை வைத்துவிட்டு ஒருவரும் அங்கே உட்காரவில்லை. மணி அடித்ததும் பின்பக்கமாக இங்கே வந்துவிடுவாள். சுவரின் மேலே காற்றுக்கு விட்ட ஓட்டைகள் வழியாகப் பாடம் கேட்கும்.

"நான் உள்ள வந்தா சுகன்யா அழுவறாளுங்க. அதான் நானே இங்க வந்துட்டனுங்க. எங்கம்மாகிட்டச் சொல்லீராதீங்க டீச்சர். தெரிஞ்சா ஊட்டுலயே இருன்னு நிறுத்திருவாங்க."

ஹெச்.எம். சொன்னது

இனி அவளை வகுப்பில்தான் உட்கார வைப்பேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். "கிளாஸ்ல வெச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க."

"அந்த ரூம்ல ஜாடி மேல விழுந்து ஏதாச்சும் ஆகியிருந்தா யாரு சார் பதில் சொல்லியிருப்பாங்க?" என்றேன்.

அவர் அன்றே ஆள் விட்டு அந்த ஜன்னலை அடைத்தார்.

அடுத்த நாள், நான் சொல்லியனுப்பியதால், பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை முடிந்து கோகிலாவின் அம்மா வந்தார். ஜூனிலேயே டாக்டர் எழுதிய வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பாதியில் நிறுத்தியிருந்தார். பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சுகாதார நிலையத்து நர்ஸ் வகுப்புக்கு வந்து, வலிப்பு மூளையில் வருகிற ஒரு கோளாறு என்று விளக்கினார். ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கு அடியில் பை வை, வாயில் எதையும் வைக்காதே, சாவி வேண்டாம், நேரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடு. எல்லாவற்றையும் செய்து காட்டினார். வேப்பிலையை நானே எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் அந்தக் கடைசி பெஞ்சில் கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன்.

மூன்றாவது வாரம் இலக்கண வகுப்பில் கோகிலா சரிந்தாள். முதலில் எழுந்தவள் சுகன்யா. அழுதபடியே தன் பையைக் கொண்டுவந்து கோகிலாவின் தலைக்கு அடியில் வைத்தாள். பின்னாலிருந்த பிள்ளைகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணினார்கள். இரண்டு நிமிடத்தில் அடங்கியது.

அவள் தெளிந்து உட்கார்ந்ததும், எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அந்த ரூம்ல இருந்தப்ப எப்பவாச்சும் இப்படி வந்துச்சா சாமி?"

"தெரியலீங்க டீச்சர். சில நாள் முழிச்சுப் பாத்தா கீழ கெடப்பேன். பக்கத்துல கிளாஸ்ல வேற பாடம் ஓடிட்டிருக்கும்."

பள்ளிப் பாதுகாப்பு என்று கூட்டம் போட்டால் காம்பவுண்ட் சுவர், கேமரா, கேட் என்று பேசுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். நான் மட்டும் எழுந்து, எந்தப் பிள்ளை யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தானாகவே ஒதுங்கிப் போகிறது என்று கேட்பேன். அந்தப் பிள்ளையைத் தேடி முதலில் போக வேண்டும். அது தானாக வந்து சொல்லாது.